மார்க் குறைந்துவிட்டது... காலேஜுக்கு இப்போதா, அடுத்த வருஷமா?



பிளஸ் டூ ரிசல்ட் வருகிற மே மாதத்தில் எனக்கு வரும் கடிதங்களில் ஊறுகாய்ப் பக்குவமும் இருக்காது, குழந்தைக்குப் பேதி நிற்க வழியும் இருக்காது. எல்லாம் மார்க் மயம்தான். அவற்றில் ஒரு கடிதத்தை இந்த இதழுக்கு எடுத்துக்கொள்கிறேன். எழுதிய சகோதரியின் பெயரும் ஊரும் நமக்கு வேண்டாம். விஷயம்தான் முக்கியம்.

"அக்கா, என் பெண் பத்தாவதில் 500-க்கு 462 வாங்கினவள். பிளஸ் டூவில் 600-க்கு 423-தான் வந்திருக்கிறது. டிசம்பரில் மஞ்சள் காமாலை வந்து ஒரு மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை. அது போதாதென்று என் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். பாதி நாள் நான் எங்கள் கடையில் உட்கார வேண்டியிருக்கிறது. பாட்டிக்குக் கஞ்சி கொடுப்பது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் இவள்தான். எஞ்சினீயரிங் படிக்கணும் என்பது சின்ன வயசு ஆசை. இப்போது, 'இந்த மார்க்கோட எந்தக் காலேஜுக்கும் அப்ளை பண்ண மாட்டேன். ஒரு வருஷம் வீட்டிலேயே இருந்து படிச்சு மறுபடி எழுதறேன்' என்கிறாள். ரூமை விட்டு வெளியே வருவதில்லை. இவரும், 'இருக்கட்டுமே, ஒரு வருஷம்தானே' என்கிறார். நீங்கள்தான் ஒரு வழி சொல்ல வேண்டும்."

சொல்கிறேன் அம்மா. முதல் வேலையாக விண்ணப்பத்தை இந்த வருஷமே போட்டுவிடுங்கள். விண்ணப்பம் போடுவது வேறு, சேருவது வேறு. பெண் பார்க்க வருகிறவர்களெல்லாம் சம்பந்தியாகிவிடுவதில்லையே! விண்ணப்பத்தைப் போட்டு வைத்தால் சேரலாமா, காத்திருக்கலாமா என்று நிதானமாக யோசிக்கலாம். போடாவிட்டால் யோசிப்பதற்கே ஒன்றுமில்லை. எஞ்சினீயரிங் கவுன்சலிங், அரசு கலைக் கல்லூரி இரண்டுக்குமே பதிவு மே மாதம் தொடங்கிச் சில வாரங்களில் முடிந்துவிடும். வீட்டில் அழுகை ஓய்வதற்குள் கடைசித் தேதி போய்விடுகிறது. இதைத்தான் வருஷா வருஷம் பார்க்கிறேன். எஞ்சினீயரிங் பதிவுக் கட்டணம் 2025-இல் 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 250 ரூபாய். கலைக் கல்லூரிக்கு அதைவிட மிகக் குறைவு. ஒரு வருஷத்தைக் காப்பாற்ற இது பெரிய தொகை இல்லை.

மறுபடி எழுதினால் மார்க் ஏறுமா?

இந்தப் பெண் "மறுபடி எழுதறேன்" என்கிறாளே, அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம்மில் சிலர் படித்த காலத்தில் 'இம்ப்ரூவ்மெண்ட்' என்று ஒன்று இருந்தது. பாஸ் செய்தவர்களே மறுபடி பரீட்சை எழுதி மார்க்கை உயர்த்திக்கொள்வார்கள். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் அது நின்று பல வருஷங்கள் ஆகின்றன. இன்று மாநில போர்டில் பாஸ் செய்த பெண் வீட்டில் ஒரு வருஷம் உட்கார்ந்து விழுந்து விழுந்து படித்தாலும் அந்த 423 அப்படியேதான் இருக்கும். அடுத்த ஜூனில் அதே மார்க்கை எடுத்துக்கொண்டு, அடுத்த வருஷத்துப் பிள்ளைகளோடு வரிசையில் நிற்க வேண்டும். இது தெரியாமலேயே பல வீடுகளில் "ஒரு வருஷம் இருக்கட்டும்" என்று முடிவு செய்கிறார்கள்.

சி.பி.எஸ்.இ.யில் மறுபடி எழுதி உயர்த்திக்கொள்ள வழி உண்டு. அங்கே படித்த பிள்ளைகள் பள்ளியில் விதியைக் கேட்டுக்கொள்ளட்டும். மாநில போர்டில் ஒரு பாடத்தில் தவறிவிட்டவர்களுக்கும் வழி உண்டு. ஜூன், ஜூலையில் நடக்கும் துணைத் தேர்வை எழுதித் தேறினால் அந்த வருஷமே கல்லூரியில் சேரலாம். ஃபெயில் என்றதும் ஒரு வருஷம் போச்சு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அப்படியானால் காத்திருப்பதால் யாருக்குப் பலன்? நுழைவுத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு. டாக்டர் படிப்புக்கு 'நீட்' மார்க்தான் தரவரிசையைத் தீர்மானிக்கிறது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களில் கேட்கிற குறைந்தபட்சத் தகுதி இருந்தால் போதும். நீட் எழுத இத்தனை தடவைதான் என்ற கணக்கும் இல்லை. வயது உச்சவரம்பையும் 2022-இல் எடுத்துவிட்டார்கள். என்.ஐ.டி.களுக்கான ஜே.ஈ.ஈ. மெயின் தேர்வைப் பிளஸ் டூ முடித்த வருஷமும் அதற்கடுத்த இரண்டு வருஷங்களும் எழுதலாம். இங்கெல்லாம் ஒரு வருஷப் படிப்பு மார்க்கை மாற்றக்கூடும். பிளஸ் டூ மார்க்கை மட்டும் பார்க்கிற படிப்புக்குக் காத்திருப்பதில் ஒரு லாபமும் இல்லை.

எந்த மார்க் குறைந்தது?

நாம் மொத்தத்தைப் பார்த்து அழுகிறோம். கல்லூரி மொத்தத்தைப் பார்ப்பதில்லை. ஆகவே மார்க் ஷீட்டை மேஜை மேல் வைத்து, பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பெண்ணின் மார்க்: தமிழ் 86, ஆங்கிலம் 71, கணிதம் 66, இயற்பியல் 58, வேதியியல் 64, உயிரியல் 78. தமிழ்நாட்டு எஞ்சினீயரிங் கட்-ஆஃபுக்குக் கணிதத்தை முழுசாக 100-க்கும், இயற்பியல், வேதியியல் இரண்டையும் பாதியாக்கி 50, 50-க்கும் எடுப்பார்கள். ஆக 66, 29, 32. மொத்தம் 200-க்கு 127. மொழிப் பாடமும் உயிரியலும் இதில் வராது.

127-க்குப் பேர்பெற்ற கல்லூரியும் எல்லாரும் கேட்கிற கம்ப்யூட்டர் பிரிவும் கிடைப்பது கடினம். இதை மறைக்க வேண்டாம். ஆனால் எஞ்சினீயரிங்கே இல்லை என்பதும் உண்மையில்லை. இந்த மூன்று பாடத்தில் சராசரி 45 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதம் இருந்தால் கவுன்சலிங்குக்குத் தகுதி உண்டு. இவளுக்கு 62-க்கு மேலேயே இருக்கிறது. போன வருஷம் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவு, எந்த கட்-ஆஃபில் முடிந்தது என்ற பட்டியலைக் கவுன்சலிங் இணையதளத்திலேயே பார்க்கலாம். அதில் தன் வகுப்புப் பிரிவின் கீழே 127-க்குப் பக்கத்தில் உள்ள கல்லூரிகளை அவளே எழுதி எடுக்கட்டும். கைக்கு வேலை வந்தால் மனசும் கொஞ்சம் தேறும்.

அரசு கலைக் கல்லூரிகளில் கணக்கு வேறு. பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மார்க், மற்றப் படிப்புகளுக்கு மொழிகள் நீங்கலான நான்கு பாடங்களின் மொத்தம். இவளுக்கு அது 400-க்கு 266. ஆங்கிலத்தில் சறுக்கிய பெண்ணுக்கு பி.காம். தரவரிசையில் ஒரு நஷ்டமும் வராது, பாருங்கள்!

எஞ்சினீயரிங் ஆசைக்குச் சுற்று வழியும் ஒன்று உண்டு. பிளஸ் டூ அறிவியல் படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் வருஷத்தில் சேரலாம். இரண்டு வருஷத்தில் டிப்ளமா, பிறகு பி.இ. இரண்டாம் வருஷத்தில் நேரே சேர்க்கை. அந்தச் சேர்க்கைக்கு டிப்ளமா மார்க்தான் கணக்கு, பிளஸ் டூ மார்க் அல்ல. நேர் வழிக்கு நான்கு வருஷம் என்றால் இதற்கு ஐந்து. ஒரு வருஷம் கூடத்தான் ஆகிறது. ஆனால் வீட்டில் சும்மா இருந்து கழிக்கிற வருஷம் இல்லை, கையில் ஒரு டிப்ளமாவோடு வருகிற வருஷம்.

ஏன் குறைந்தது?

கணக்குப் போட்டாயிற்று. இனிமேல்தான் தாயின் வேலை. மார்க் ஏன் குறைந்தது, அந்தக் காரணம் போய்விட்டதா? இதற்கு விடை தெரியாமல் இப்போது சேர்த்தாலும் சரி, காத்திருக்க வைத்தாலும் சரி, மறுபடியும் சறுக்கும்.

முதலில் உடம்பு. சாதாரணமாக வருகிற மஞ்சள் காமாலை சில வாரங்களில் சரியாகிவிடும். அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் களைப்பு இருக்கும். ஜூலையில் கல்லூரி திறக்குமுன் டாக்டரிடம் ஒரு தடவை காட்டி, பூரணமாகக் குணமாகிவிட்டதா என்று கேட்டுவிடுங்கள். அப்படியே ரத்தத்தில் ஹீமோகுளோபினையும் பார்த்துவிடலாம். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 2019-21-இல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. புத்தகத்தை எடுத்தால் தூக்கம் வருகிறது, படித்தது நிற்கவில்லை என்கிற பெண்ணைச் 'சோம்பேறி' என்று சொல்லுமுன் ரத்தத்தைப் பார்ப்பது நல்லது. தைராய்டு, கண் பரிசோதனையும் டாக்டர் சொன்னால் செய்துவிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் அதோடு காப்பி, டீ வேண்டாம். சத்து உடம்பில் சேராது.

இரண்டாவது வீடு. மஞ்சள் காமாலை போய்விட்டது. பாட்டியின் படுக்கை போகவில்லையே? இந்தப் பெண் ஒரு வருஷம் வீட்டில் இருந்தால் யார் கஞ்சி கொடுப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? பையன் ஒரு வருஷம் காத்திருந்தால் கோச்சிங் சென்டரில் சேர்ப்போம். சத்தம் போடாதே, படிக்கிறான் என்போம். பெண் காத்திருந்தால், "சும்மாத்தானே இருக்கே, அந்தப் பாலைக் கொஞ்சம் பார்" என்போம். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. வீட்டு வேலை அப்படித்தான், கண்ணெதிரே இருக்கிற கையைப் பிடித்துக்கொள்ளும். ஆறு மாதம் போனதும் ஓர் அத்தை வருவாள். "பொண்ணு வீட்டிலேதானே இருக்கா? ஒரு நல்ல இடம் இருக்கு, ஜாதகம் கொடுங்க" என்பாள். 'ஒரு வருஷம்தானே' என்று தொடங்கியது அங்கே போய் முடிந்த வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

உங்கள் வீட்டில் காரணம் பாதி வீட்டுக்குள்ளேயே இருப்பதால், பெண் காலையில் பையை மாட்டிக்கொண்டு வெளியே போவதுதான் மருந்து. பாட்டிக்குப் பகலில் ஒரு துணை வேண்டும். கடை நேரத்தை நீங்களும் அவரும் மாற்றிக்கொள்ளலாம். நாத்தனார், ஓரகத்தி இருந்தால் முறை வைத்துக்கொள்ளலாம். முடிந்தால் பகலுக்கு மட்டும் ஓர் அம்மாளை வைத்துக்கொள்ளலாம். இதைப் பேசி முடிவு செய்ய வேண்டியவர்கள் பெரியவர்கள். பதினேழு வயசுப் பெண்ணின் படிப்பை வைத்து அதைச் சரிக்கட்டக் கூடாது.

மூன்றாவது மனசு. ரூமை விட்டு வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு, மூன்று நாள் அழுதால் அது வருத்தம். வாரக்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் கெட்டு, யாரிடமும் பேசாமல் இருந்தால் அது சிகிச்சை வேண்டிய நோயாக இருக்கலாம். "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால், "சும்மா மிரட்டறா" என்று தள்ளிவிடாதீர்கள். தனியே விடாதீர்கள். தமிழ்நாட்டில் 104, மத்திய அரசின் 'டெலிமானஸ்' 14416, இரண்டு எண்ணிலும் மனநல ஆலோசனை பெறலாம். நீங்களும் பேசலாம், அவளும் பேசலாம். பக்கத்து வீட்டுப் பெண்ணின் மார்க்கை அந்த வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது என்று ஒரு சட்டமே போட்டுவிடுங்கள்.

காத்திருப்பது எப்போது சரி?

எப்போதும் தவறு என்று நான் சொல்லவில்லை. டாக்டர், உடம்புக்கு இன்னும் சில மாதம் ஓய்வு வேண்டும் என்றால் காத்திருக்கத்தான் வேண்டும். நீட், ஜே.ஈ.ஈ. போன்ற தேர்வில் முதல் தடவையே பக்கத்தில் வந்து தவறிய பிள்ளையும் ஒரு வருஷம் முயலலாம். ஆனால் அந்த வருஷத்துக்கு நாலு சுவர் வேண்டும். எந்தத் தேர்வு, எந்தத் தேதி என்று காலண்டரில் குறிக்க வேண்டும். தினம் இத்தனை மணி நேரம் அவளை யாரும் கூப்பிடக் கூடாது என்று அப்பா வாயால் சொல்ல வேண்டும். ஒரு வருஷம்தான், பிறகு கிடைத்ததில் சேருவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். நான்காவதாக, அடுத்த மே மாதம் பிளஸ் டூ மார்க்கை வைத்து மற்றக் கல்லூரிகளுக்கும் விண்ணப்பம் போட வேண்டும். இந்த நான்கில் ஒன்றுக்கு வீட்டில் சம்மதம் இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம்.

கவுன்சலிங்கில் காரணம் சொல்லி இடம் வாங்க முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மஞ்சள் காமாலைக்கு மார்க் கிடையாது. நேர்முகம் வைக்கிற தனியார் கலைக் கல்லூரிகளில் மட்டும் பத்தாவது மார்க்கையும் டாக்டர் சீட்டையும் காட்டிச் சொல்லிப் பார்க்கலாம். ஒரு வருஷம் விட்டுச் சேருகிறவர்களிடம் இடையில் என்ன செய்தாய் என்று சில கல்லூரிகள் எழுதிக் கேட்கும். டாக்டர் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

மார்க் நம்ப முடியாதபடி குறைந்திருந்தால் விடைத்தாள் நகலுக்கு உடனே மனுச் செய்யுங்கள். அதற்கு சில நாள்தான் அவகாசம். நகலைப் பாட ஆசிரியரிடம் காட்டிய பிறகு மறுகூட்டலா, மறுமதிப்பீடா என்று தீர்மானியுங்கள். மறுமதிப்பீட்டில் மார்க் கூடலாம், குறையவும் கூடும்.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ் மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் இன்றே எழுதிக் கொடுங்கள். கையில் வரச் சில நாள் ஆகும்.

சேர்ந்த பிறகு வேறு இடம் கிடைத்தால் பணம் போய்விடுமே என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்தது. 2024-25-ஆம் வருஷத்துக்கு, செப்டம்பர் 30-க்குள் சேர்க்கையை ரத்து செய்தால் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லியிருந்தது. நீங்கள் சேரும் வருஷத்துக்கு என்ன தேதி என்பதைக் கேட்டுக்கொண்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பட்டம் வாங்கியபின் வங்கித் தேர்வுக்கும் குரூப் 2 தேர்வுக்கும் கேட்கிற தகுதி பட்டம்தான். மேல்படிப்புக்கும் டிகிரி மார்க்கைத்தான் பார்ப்பார்கள். 423 என்ற எண்ணுக்கு அப்போது அத்தனை பலம் இருக்காது. பதினேழு வயசில் அது மலை மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான்.

இன்று ராத்திரி பாட்டிக்கு நீங்களே கஞ்சி கொடுத்துவிட்டு, பெண்ணை மார்க் ஷீட்டோடும் பென்சிலோடும் அப்பா பக்கத்தில் உட்கார வையுங்கள். மற்றது பேசப் பேச வரும்.

அடுத்த இதழில், விடுதியில் தங்கிப் படிக்கப் போகிற பெண்ணுக்கு வீட்டிலிருந்து என்னென்ன கொடுத்தனுப்பலாம் என்று பார்ப்போம்.